ஒரே மேசைக்குள் நான்கு ஆயுள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கிரானைட் பேக்டரிகளுக்குப் பின்னால் உடைந்த கற்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். பெரிய பிளாக்கை அறுக்கும்போது ஓரத்தில் கழியும் துண்டு, நடுவில் விரிசல் விட்ட ஸ்லாப், ஆர்டருக்கு நிறம் ஒத்து வராத பீஸ், எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நாங்கள் மேசை செய்ய எடுக்கும் கல் முழுவதும் இந்தக் குவியலிலிருந்து வருவது. மரம் இடிப்பு வீடுகளிலிருந்து: உத்தரம், தூலம், நிலைக்கால். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால் பழைய பர்மா தேக்கு இன்னும் கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். கல்லையும் மரத்தையும் இணைக்க எபாக்ஸி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக்), அந்த இணைப்புக்குள்ளிருந்து வெளிச்சம் வர எல்இடி. இரவில் விளக்கைப் போட்டால் உடைந்த கல்லின் ஓரம் முழுக்க ஒளிக்கோடாகத் தெரியும், பார்க்கிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஆயுள் பற்றிய கணக்கு. இந்தப் பக்கத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். தேக்கு ஒரு வீட்டில் நூறு வருஷம் நின்றுவிட்டு வந்தது, ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்னொரு நூறு நிற்கும். ரெசின் வெயில் பட்டால் சில வருஷங்களிலேயே மஞ்சளாகத் தொடங்கும். விளக்கு? பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் அதற்கு முன்பே விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் போய்விடும், சூட்டில் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடுவதால். ஆக, முதலில் செத்துப்போகிற பொருளை வெளியே எடுக்க வழி வைக்காமல் ஒரு மேசையைச் செய்தால், நாளைக்குப் பல்பு போன அன்றே கல்லும் தேக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும். குப்பையிலிருந்து எடுத்த பொருளைத் திரும்பவும் குப்பையாக்குவதற்கு இத்தனை உழைப்பு எதற்கு?

ஆனால் இணையத்தில் காட்டப்படும் செய்முறைகளில் பெரும்பாலானவை எல்இடி ஸ்ட்ரிப்பை (விளக்குகள் வரிசையாகப் பதித்த பட்டையை) மோல்டுக்குள், அதாவது அச்சுக்குள், ஒட்டி, அதன்மேலேயே ரெசினை ஊற்றுகின்றன. வீடியோவில் அழகாகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்றால், எல்இடியின் சூடு வெளியேற இடமில்லை, சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஸ்ட்ரிப்பைச் சுற்றியுள்ள ரெசின்தான் முதலில் மஞ்சளாகும். ஒரு சிப் அணைந்தாலும் அந்த இடம் கறுப்பாகவே நிற்கும். நாங்கள் ரெசின் நன்றாக இறுகிய பிறகு அடிப்பக்கத்தில் ரூட்டரால் (பள்ளம் குடையும் மெஷின்) ஒரு பள்ளம் எடுக்கிறோம். அதற்குள் அலுமினிய சேனல், சேனலுக்குள் ஸ்ட்ரிப், மேலே பால்நிற மூடி. அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும், மூடி புள்ளி புள்ளியாகத் தெரியும் வெளிச்சத்தைப் பரப்பும். எல்லாம் ஸ்க்ரூவில் நிற்கிறது, பசையில் ஒன்றும் இல்லை. தெரு எலக்ட்ரீஷியன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து மாற்றிவிட்டுப் போகலாம். பெரிய மேசைக்கு 12 வோல்ட் வேண்டாம், கடைசிப் பக்கம் மங்கும். 24 வோல்ட் போட்டால் அந்தத் தொல்லை குறைவு.

கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிரானைட்டுக்குள் வெளிச்சம் ஊடுருவாது. ஓனிக்ஸ் என்ற கல் ஊடுருவவிடும், அலபாஸ்டர் விடும், மெல்லிய மார்பிளும் விடும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம், 1963ல் திறந்தது, அதற்கு ஜன்னலே கிடையாது, சுமார் மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்பிள் பலகைகள் வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்குகிறது. எங்கள் ஊர்க் கல்லில் அது நடக்காது, அதனால் வெளிச்சத்தைக் கல்லின் உடைந்த முகத்தில் உரசிப் போகவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன் ஒருவர். "உடைஞ்ச பக்கத்துல பாலிஷ் போடாதே தம்பி, வெளிச்சத்துக்கு அதுதான் வேணும்" என்றார். உண்மைதான். பாலிஷ் போட்ட முகம் ஒரே ஒரு பளபளப்பைத் திருப்பித் தரும். உடைந்த முகத்தில் குவார்ட்ஸ் ஒரு பக்கம் மின்னும், காக்காப்பொன் இன்னொரு பக்கம், நாம் நகர நகர அது மாறிக்கொண்டே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு: பாலிஷ் போட்ட கல்லை ரெசின் பிடிக்காது. 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் ரெசின் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும், கிரானைட் அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இந்த இழுபறியைத் தாங்க சொரசொரப்பான முகம் இருந்தே ஆக வேண்டும்.

வெளிச்சம் எதையும் மறைக்கவும் விடாது. பகலில் கண்ணுக்கே தெரியாத ஒரு குமிழி, ஒரு தூசி, கீழே விளக்கு எரிந்தால் தனியாக நிற்கும். கல்லிலும் மரத்திலும் உள்ள நுண்துளைகளில் காற்று இருக்கும், ரெசின் இறுகும்போது வரும் சூட்டில் அது குமிழியாக மேலே வரும். அதனால் முதலில் ரெசினிலேயே மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகுதான் ஊற்றுவது. ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையிலேயே ஊற்றிவிடுவோம், வெயில் ஏறிவிட்டால் மக்கில் மிஞ்சிய ரெசின் புகைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் வேறு பிரச்சினை, ஈரக்காற்றில் மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் வரும், தண்ணீரில் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் உரிந்துவிடும்.

சரி, இதெல்லாம் தொழில் நுணுக்கம். இதைவிட முக்கியம் உடம்பு. கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ், அந்தப் பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய மருந்து கிடையாது. சிலிக்கா மிக அதிகமாக உள்ள செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடையே செய்துவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் கல்லை அறுக்கவே கூடாது, கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பு ஆகாது, நல்ல மாஸ்க் வேண்டும். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரும் அப்படித்தான், தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே கை சிவந்து வீங்கும், பலர் அத்தோடு இந்தத் தொழிலையே விட வேண்டி வருகிறது. நைட்ரைல் கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று புதிதாக வரும் பையன்களிடம் தினமும் சொல்கிறோம்.

வாங்க வருகிறவர்கள் "இது முழுக்க மறுசுழற்சிதானே?" என்று கேட்பார்கள். கல்லும் மரமும் ஆமாம். ரெசின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஒருமுறை இறுகிவிட்டால் உருக்கித் திரும்ப ஊற்றவும் முடியாது. இதை மறைத்துவிட்டு "இயற்கைக்கு உகந்தது" என்று அட்டை ஒட்டி விற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முடிந்தவரை ரெசினைக் குறைக்கிறோம். நடுவில் ஆறு ஓடுவதுபோல நீல ரெசினை ஒரு அடி அகலத்துக்கு ஊற்றச் சொல்லி வருகிற ஆர்டரில், இரண்டு அங்குலம் போதும் என்று பேசிப் பார்ப்பேன், வெளிச்சத்துக்கு அதுவே தாராளம், செலவும் பாதிக்கு மேல் குறையும்.

இப்போது ரெசினே இல்லாமல் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். இடித்த வீட்டின் தேக்குச் சட்டத்துக்குள் இரண்டு கிரானைட் துண்டுகள், நடுவே விட்ட இடைவெளியில் பழைய ஜன்னல் கண்ணாடியைக் காடி எடுத்து உட்கார வைத்திருக்கிறோம், கீழே விளக்கு. கண்ணாடியைத் தூக்கித் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துவிடலாம். மொத்தக் கனம் 60 கிலோவைத் தாண்டும் போலிருக்கிறது, அதனால் காலுக்கு மட்டும் இரும்பு போடலாமா என்று ஆசாரியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.