42 கிலோ போர்டும் ஒரு ஹாட் ஏர் கன்னும்

ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது கழித்துப் போட்ட எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகள் 42 கிலோ என் கைக்கு வந்தன. கம்ப்யூட்டர் மதர்போர்டு 11, ஒரே மாதிரியான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கார்டு 20, மீதி எல்லாம் கலவை. அப்படியே எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வரிசை வரிசையாகக் கறுப்பாக உட்கார்ந்திருந்த ஐசி என்னும் சிப்புகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே இருக்கும் தங்கத்துக்காக, ஐசியைத் தனியாகப் போட்டால் போர்டைவிடப் பல மடங்கு ரேட் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது பொய் இல்லை. கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் உண்மைதான். நான் கோட்டை விட்டது வேறு இடத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் உரிக்கப் பயன்படுத்தும் ஹாட் ஏர் கன்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதர்போர்டை வைஸில் மாட்டி, பின்பக்கத்தைச் சூடாக்கி, ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் ஐசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பழைய போர்டுகள் சுலபமாக வழிக்கு வந்தன. அவற்றில் இருப்பது காரீயம் கலந்த சால்டர் (பாகங்களைப் போர்டோடு ஒட்டும் உலோகம்), 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் எலக்ட்ரானிக் பொருட்களில் காரீயத்துக்குத் தடை வந்த பிறகு செய்த போர்டுகளில் பெரும்பாலும் காரீயமில்லாத சால்டர்தான். அது உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு ஏறுவதற்குள் போர்டின் விளிம்பு பழுப்பாகி, ஒரு மாதிரிக் காட்டமான நெடி கிளம்பும்.

அந்த நெடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போர்டு தீப்பிடிக்காமல் இருக்க அதன் பிசினில் புரோமின் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். சூட்டில் கருகினால் அதிலிருந்து டையாக்சின் வகை நச்சுகள் உருவாகலாம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. சாயங்காலம் தலை விண் விண் என்று தெறித்தது. இனி வீட்டுக்குள் இந்த வேலை இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

11 மதர்போர்டில் கிடைத்த ஐசி மொத்தம் 600 கிராம். ஒரு நாள் முழுக்க வேலை. சரி, முதல் நாள்தானே என்று தேற்றிக்கொண்டு, ஐசி போன போர்டுகளை ஸ்கிராப் எடுப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வேறொரு குவியலில் எறிந்தார். "ஐசி இருந்தா ஒரு ரேட்டுங்க. இது வெறும் பலகை" என்றார்.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. முழு போர்டுக்கு அவர் சொல்லும் ரேட்டில் ஐசியின் மதிப்பும் அடக்கம். ஐசியைக் கழற்றும்போது நான் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. ஒரே மதிப்பை இரண்டாகப் பிரிக்கிறேன், அவ்வளவுதான். பிரித்த இரண்டும் சேர்ந்து முழு போர்டைத் தாண்டினால்தான் லாபம். அந்த லாபத்திலிருந்தும் என் நேரம், மின்சாரம், தலைவலி மூன்றையும் கழிக்க வேண்டும்.

வாய்க்கணக்கு வேண்டாம், செய்தே பார்த்துவிடுவோம் என்று அந்த 20 எக்ஸ்சேஞ்ச் கார்டுகளை இரண்டு பத்தாகப் பிரித்தேன். ஒரு பத்தை அப்படியே வைத்தேன். இன்னொரு பத்தை மொட்டை மாடியில், கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொண்டு, கடிகாரம் பார்த்துக் கழற்றினேன். நாலு மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் எடை போட்டு ரேட் கேட்டேன். முழு கார்டுகளுக்குக் கிடைப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், ஐசியும் வெறும் பலகையும் சேர்ந்து 109. அந்த ஒன்பதுக்காகத்தான் நாலு மணி நேரம்.

எல்லா ஐசியும் ஒன்று இல்லை என்பதும் இதற்கிடையில்தான் புரிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் ஐசிக்குள் தங்கம் இருப்பது, சிலிக்கான் துண்டிலிருந்து கால்களுக்குப் போகும் கம்பியாகத்தான் பெரும்பாலும். வழக்கமாக அதன் தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. தங்கம் விலை ஏற ஏற அந்த இடத்தைத் தாமிரக் கம்பி பிடித்துக்கொண்டது. புதிய பிராசஸர்களிலும் கிராஃபிக்ஸ் சிப்புகளிலும் நடுவில் கண்ணாடிபோல மின்னும் சதுரம் இருக்கிறதே, அது சிலிக்கானைக் கவிழ்த்துவைத்துச் சின்னச் சின்ன சால்டர் உருண்டைகளால் இணைத்தது. அதில் கம்பிக்கே வேலை இல்லை. பார்க்கப் பெரிய சரக்குபோல இருக்கும், உள்ளே எதிர்பார்த்தது இருக்காது. மாறாக 1995-இல் வந்த பென்டியம் புரோ மாதிரியான செராமிக் பிராசஸர்களில் பின்களிலேயே தங்கப் பூச்சு உண்டு. அதெல்லாம் சாக்கெட்டில் உட்காருபவை, நெம்புகோலைத் தூக்கினால் கையோடு வந்துவிடும், சூடே வேண்டாம். அதனால் இப்போது ஐசியின் முதுகில் இருக்கும் தேதிக் குறியை முதலில் பார்க்கிறேன். 8734 என்று இருந்தால் பெரும்பாலும் 1987-ஆம் ஆண்டின் 34-வது வாரம்.

உண்மையில் எனக்குக் கை கொடுத்தது தங்கமே இல்லை. கலவைக் குவியலின் அடியில் ஒரு பழைய கன்ட்ரோல் போர்டு கிடந்தது. அதில் சாக்கெட்டில் செருகிய ஒரு இஸட்80, பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய நாலு ஈப்ராம் (புரோகிராமைச் சேமித்துவைக்கும் சிப், புற ஊதா ஒளி பட்டால் அழிந்துவிடும்). இஸட்80 பிராசஸரின் பழைய வடிவத்தை நிறுத்தப்போவதாக 2024-இல் அதைத் தயாரித்துவந்த ஸைலாக் நிறுவனம் அறிவித்தது. 1976-இலிருந்து வந்துகொண்டிருந்த சிப் அது. பழைய மெஷின்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு அது வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம், எடை எத்தனை கிராம் என்று யாரும் கேட்பதில்லை. எடைக்குப் போயிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

ஈப்ராமில் ஒரு தப்பு செய்தேன். ஸ்டிக்கரின் கீழே அந்த ஒளி நுழையும் குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் ஒன்றை உரித்துவிட்டு, வெயில் விழும் மேஜையிலேயே மறந்துபோய் வைத்துவிட்டேன். நேரடி வெயிலில் ஒரு வாரம் இருந்தால் அதிலுள்ள தகவல் அழிந்துவிடும். சில சமயம் சிப்பைவிட அதற்குள் இருக்கும் புரோகிராம்தான் அபூர்வம். அந்த மெஷினின் ஒரே பிரதியாகக்கூட இருக்கலாம். மற்ற மூன்றின் ஸ்டிக்கரைத் தொடவில்லை. ரீடரில் வைத்து நகல் எடுத்த பிறகுதான் பெட்டியில் போட்டேன். இன்னொரு ஐசியை ஸ்குரூடிரைவரால் ஒரே பக்கம் நெம்பி ஒரு காலை ஒடித்ததும் இதே வாரம்தான். இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும்.

திரும்ப விற்பதற்காகக் கழற்றும் ஐசிக்கு ஹாட் ஏர் கன் ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். திடீரென்று சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி ஐசி உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. பிஸ்மத் கலந்த, குறைந்த சூட்டில் உருகும் சால்டரைக் கால்களில் தடவி எடுப்பது எவ்வளவோ தேவலை. எடுத்ததைச் சோதித்தும் பார்க்க வேண்டும். சோதிக்க வழி இல்லாதவற்றை, கழற்றியது, சோதிக்காதது என்று எழுதியே விற்றேன். மேலே தேய்த்துப் புதிதாக எழுத்து அடித்து விற்கும் ஆட்களால்தான் பழைய ஐசி என்றாலே வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பகுதியில் வெள்ளை செராமிக் உடம்போடு இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்களை மட்டும் சீண்டுவதே இல்லை. சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். உடைந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

கடைசியில் கழற்றியது மிகக் கொஞ்சம்: சாக்கெட்டில் இருந்தவை, ஜன்னல் வைத்தவை, பெயர் சொல்லித் தேடும் ஆள் இருப்பவை. ரேமும் பிராசஸரும் எப்படியும் கையாலேயே வந்துவிடும். மீதி எல்லாம் அப்படியே முழு போர்டாகப் போனது. முதல் ஞாயிற்றுக்கிழமை உதிர்த்த அந்த 600 கிராம் மட்டும் இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஐசி தனியாக எடுப்பவர் 5 கிலோவுக்குக் குறைந்தால் வரமாட்டாராம்.