பழைய காரின் மோட்டார் ஏரியல்: கழற்றிப் பார்த்துச் சரிசெய்தது

ரேடியோவைப் போட்டால் மோட்டார் தள்ளித் தானாக மேலே எழ வேண்டிய ஏரியல் இது. ஆனால் பின்பக்க மட்கார்டுக்குள் மோட்டார் மட்டும் சில வினாடி ஓடி நிற்கும், ஏரியல் வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. கொஞ்ச நாளாக என் பழைய காரில் இதுதான் நிலைமை. முழு யூனிட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு, இல்லையென்றால் கண்ணாடியில் ஒட்டுகிற ஏரியல் ஒன்றை வாங்கி ஒட்டிவிடு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. மோட்டார் ஓடுகிறது என்றால் முக்கியமான பாகம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அப்படி இருக்கும்போது எதற்கு மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டும்?

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஒயர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அல்லது மோட்டாரே போயிருக்கலாம். மோட்டார் ஓடி, கூடவே டக் டக் என்று ஒரு சத்தம் வந்தால் ஏரியல் குழாய் எங்கோ இறுகிப்போய், உள்ளே மோட்டாருக்குச் சேதம் வராமல் விட்டுக்கொடுக்கும் கிளட்ச் நழுவுகிறது. மோட்டார் எந்தத் தடையும் இல்லாமல் லேசாக ஓடி, ஏரியல் மட்டும் அசையவில்லை என்றால் உள்ளே இருந்து ஏரியல் குழாயை மேலே தள்ளும் பல் வைத்த நைலான் கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் பல் தேய்ந்திருக்கும். என் காரில் கேட்டது இந்த மூன்றாவது சத்தம்.

யூனிட்டுக்கு மூன்று ஒயர்கள் போகின்றன. ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட், ஒன்று எர்த் (கார் பாடியோடு சேர்வது), மூன்றாவது ரேடியோவைப் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் மெல்லிய ஒயர். அந்த மூன்றாவதில் மின்சாரம் வந்தால் ஏரியல் மேலே போகும், நின்றால் கீழே இறங்கும். சாவியை எடுத்த பிறகும் இறங்க வேண்டுமே, அதனால்தான் எப்போதும் உயிரோடு இருக்கும் ஒயர் தனியாக. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் மூன்றும் சரியாகவே இருந்தன.

அப்புறம் மேலே இருக்கும் குரோம் நட்டைக் கழற்றினேன். அதில் ஸ்பானர் பிடிக்க இடம் இருக்காது, இரண்டு பக்கமும் சின்ன வெட்டு மட்டும்தான். குறடு நழுவினால் பெயின்ட்டில் கோடு விழும் என்பதால் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு, மூக்குக் குறடால் மெதுவாகத் திருப்பினேன். குழாயைக் கையால் இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது, அதன் அடியில் விரல் நீளத்துக்கு நைலான் துண்டு. அறுந்த முனை வெளுத்துப்போய், நகத்தால் அழுத்தினாலே பொடியாக உதிர்ந்தது. மீதிக் கேபிள் உள்ளே டிரம்மில் சுருண்டு கிடக்கிறது என்பதால் யூனிட்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும். கேபிள் முழுசாக இருந்து பல் மட்டும் தேய்ந்திருந்தால், இறக்காமலே மேலிருந்து உருவிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு டிக்கியின் பக்கவாட்டு அட்டையை எடுத்தேன். (ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைத் துண்டித்தால் கேட்கும்.) யூனிட்டைப் பிடித்திருக்கும் போல்ட், ஒயர் கனெக்டர், ரேடியோவுக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் கோஆக்சியல் கேபிள், அடியில் தண்ணீர் வடியும் ரப்பர் குழாய், அவ்வளவுதான். அந்த ரப்பர் குழாயைப் பிடுங்கியதும் கலங்கிய தண்ணீர் கொஞ்சம் ஒழுகியது. உண்மையான குற்றவாளி யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மழையிலும் கழுவும்போதும் ஏரியல் குழாயோடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது இயல்பு, அது வெளியேறத்தான் இந்த வடிகுழாய். என் காரில் சேறும் மட்கிய இலைத் தூளும் சேர்ந்து அதை முழுக்க அடைத்திருந்தன. தண்ணீர் தேங்கி, மூடியைத் திறந்தபோது பழைய கிரீஸ் துருவோடு கலந்து களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. கேபிள் ஒவ்வொரு முறையும் இதை உரசிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறது, வயதான நைலான் எத்தனை நாள் தாங்கும்? அறுந்த கேபிளை மட்டும் மாற்றிவிட்டு வடிகுழாயைக் கவனிக்காமல் விட்டால் புதுசும் இதே வழியில் போகும். ஏரியல் யூனிட்டையே மாற்றுகிறவர்களுக்கும் இதுதான் கதி, ஏனென்றால் பழைய வடிகுழாயில்தானே புது யூனிட்டையும் மாட்டுவார்கள். மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன்.

உள்ளே மோட்டார் தண்டில் திருகு மாதிரி மரை போட்ட ஒரு வார்ம் கியர், அது ஒரு பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரத்தின் பல்லில் கேபிளின் பல் கவ்விக்கொண்டு மேலே தள்ளும், கீழே இழுக்கும். சக்கரத்தின் பற்கள் எல்லாம் முழுசாக இருந்தது பெரிய நிம்மதி. பழைய கேபிளை வெளியே எடுத்து, கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். பிளாஸ்டிக் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். திரும்ப வைத்தது பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. மோட்டாரைத் தனியாகப் பேட்டரியில் கொடுத்து, ஒயரை மாற்றிப் பிடித்து, இரண்டு திசையிலும் ஓடவிட்டுப் பார்த்தேன். தங்குதடையின்றிச் சுற்றியது.

கேபிளோடு சேர்ந்த குழாய் தனியாகவே கிடைக்கிறது. வாங்கும்போது மடித்த நீளம், நீட்டிய நீளம், கேபிளின் கனம், பல் இடைவெளி, அடியில் இருக்கும் பித்தளை வளையத்தின் அளவு எல்லாவற்றையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். நீட்டிய நீளம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, பல் இடைவெளி மாறினால் சக்கரம் கவ்வவே கவ்வாது. வந்த கேபிள் இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்ததால் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு நிமிர்த்திக்கொண்டேன்.

யூனிட்டை மாட்டுவதற்கு முன் இன்னொரு வேலை. மட்கார்டுக்கு அடியில் ஏரியலின் பல் வாஷர் கடித்துப் பிடிக்கும் இடத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்து, பூட்டிய பிறகு சுற்றிலும் வாஸலைன் தடவினேன். ஏரியலுக்கு எர்த் கிடைப்பது இந்த இடத்தில்தான். எஃப்.எம்.முக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று சிலர் நினைப்பார்கள், மத்திய அலை (ஏ.எம்.) கேட்கிறவர்களுக்கு உயிரே இதில்தான் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 செ.மீ., கார் ஏரியல் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். 1000 கிலோஹெர்ட்ஸில் அதே கால் பங்கு 75 மீட்டர்! அவ்வளவு பெரிய அலைக்கு நம் கம்பி ஒரு துணுக்கு, கிடைக்கிற சிக்னலும் துளிதான், அதில் எர்த் வேறு கெட்டுப்போனால் இன்ஜின் இரைச்சல்தான் கேட்கும். கோஆக்சியல் கேபிளையும் மீட்டரில் பார்த்தேன்: நடு ஊசிக்கும் ஏரியல் நுனிக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் பாடிக்கும் இடையே இருக்கவே கூடாது. முதலில் லேசாகக் கசிவு காட்டியது, இணைப்பில் ஈரம். நன்றாக உலர்த்தியதும் போய்விட்டது.

புதுக் கேபிளை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பேட்டரியை மாட்டி, வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ரேடியோவைப் போடச் சொல்லி, மோட்டார் ஓடி நின்றதும் கேபிளின் பல் பக்கம் சக்கரத்தைப் பார்த்தபடி மேலிருந்து நுழைத்துக் கொண்டேன். சக்கரத்தில் முட்டுவது கைக்கே தெரியும். "இப்ப நிறுத்து" என்றதும் கையிலிருந்து கேபிளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. குழாயைச் சாயாமல் நேராகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சாண் உயரம் வெளியே நின்றுவிட்டது, அதற்குப் பயப்பட வேண்டாம், நட்டைப் பூட்டிவிட்டு இன்னும் சில முறை போட்டு நிறுத்தியதும் தானாக முழுசும் இறங்கி உட்கார்ந்தது.

பழைய ரேடியோக்களில் ஏரியல் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ரேடியோவை ஏரியலோடு பொருத்திச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகு இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, ஏரியலை முழுசாக நீட்டி, சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே அந்தத் திருகை நிறுத்த வேண்டும். ஏரியலை மாற்றினால் இதையும் செய்வது நல்லது. செய்த பிறகு, முன்பு இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்த நிலையங்கள் பேச்சு புரிகிற அளவுக்கு வந்தன.

குழாயை அவ்வப்போது துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. கிரீஸ் தடவவே கூடாது, தூசியைப் பிடித்து அடுக்குகளை இறுக்கிவிடும். அடுத்ததாக, ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய ஒயரின் நடுவே ஒரு சின்ன சுவிட்ச் வைக்கப்போகிறேன். கேசட் கேட்கும்போதும் ஏரியல் வீணாக ஏறி இறங்குகிறது, தாழ்வான கூரைக்குள் நுழையும்போதும் ஆபத்து. அதே ஒயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் கிளை போயிருந்தால், அந்தக் கிளைக்கு அப்பால் ஏரியல் பக்கமாகத்தான் சுவிட்சை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஏரியலோடு பாட்டும் நின்றுவிடும். டேஷ்போர்டில் துளை போட மனமில்லை, காலியாக இருக்கும் சுவிட்ச் மூடி ஒன்று இருக்கிறது, அந்த அளவுக்குப் பொருந்துகிற சுவிட்சைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.