ஊசலாடும் கோணம்

ராட்சதக் கோள்களின் ஒழுங்கற்ற நிலாக்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சுற்றுக்காலங்களில் 1:2, 2:3 என்று விகிதம் தேடத்தான் முதலில் உட்காருவார்கள். வியாழனின் பெரிய நிலாக்களான அயோ, யூரோப்பா, கானிமீடு பழக்கிவிட்ட புத்தி அது. தூரத்தில் சாய்வாகச் சுற்றும் இந்தச் சின்ன நிலாக்களைப் பெரிதும் ஆட்டிவைப்பதோ சூரியன்.

சனியின் நிலாவான கிவியுக் ஒரு சுற்றுக்கு எடுப்பது ஏறக்குறைய 449 நாள். ஏறுகணுவிலிருந்து (நிலா தளத்தைக் கடந்து வடக்கே ஏறும் இடம்) அண்மைப்புள்ளி (கோளுக்கு மிக அருகில் வரும் இடம்) வரை அளக்கும் கோணத்தைத்தான் கவனிக்க வேண்டும். சூரியனின் இழுப்பால் சாய்வும் பாதையின் நீள்மையும் மாறிமாறி ஏறி இறங்கும் கோசாய் ஒத்ததிர்வில் சிக்கிய நிலாவுக்கு அது 90 அல்லது 270 டிகிரியின் இருபுறமும் ஊசலாடும். சிக்காததற்கு முழு வட்டம் போடும். காசிமேட்டில் நங்கூரம் போட்ட படகு மூக்கை இப்படியும் அப்படியும் திருப்புகிறதா, சுற்றியே வருகிறதா என்பது ஒரு நிமிடம் பார்த்தால் தெரியாது. இங்கேயும் அதே கதைதான். சனியின் 29.5 ஆண்டை வர்க்கமாக்கி, நிலாவின் 1.23 ஆண்டால் வகுங்கள்: சுமார் 700 ஆண்டு. ஓர் அசைவுக்கு ஆகும் காலம் அந்த அளவில்தான். 100 ஆண்டு ஓட்டிவிட்டு 'ஊசலாடுகிறது' என்று எழுதுவது வீண். 10,000 ஆண்டாவது வேண்டும்.

சாய்வைச் சனியின் சுற்றுப்பாதைத் தளத்திலிருந்து அளக்க வேண்டும். நடுக்கோட்டுத் தளம் அதிலிருந்து 26.7 டிகிரி விலகியது. அதை வைத்தால் எல்லாம் குழம்பும். சரிபார்க்க ஒரு கணக்கு: மையத்தொலைத்தகவின் (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பதன் அளவு) வர்க்கத்தை 1-இல் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, சாய்வின் கொசைனால் பெருக்கினால் கிட்டத்தட்ட மாறாத எண் வரும். தகவு 0-இலிருந்து 0.5 ஆனால் சாய்வு 48-இலிருந்து 39 டிகிரிக்கு இறங்கும். அந்த எண் சிறிது நடுங்கலாம். ஒரே பக்கமாக நகர்ந்தால் காலப்படியை, அதாவது கணினி ஒவ்வொரு தடவையும் தாண்டும் கால அளவை, குறையுங்கள். 11 நாள் படி பெரும்பாலும் போதும்.

பத்து லட்சம் ஆண்டு என்றால் அதுவே 3.3 கோடி படி. தண்டையார்பேட்டை மாடியறையில் மே மாதக் கரண்ட் கட்டுக்கு யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மணிக்கொருமுறை நிலையைச் சேமியுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல் தனிக்கோப்பில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுங்கள். எழுதும்போதே கரண்ட் போனால் பழையதாவது மிஞ்சும்.

அடிக்கடி ஏமாற்றுவது கோளின் சுழற்சிக்கு எதிராகச் சுற்றும் எதிர்த்திசை நிலாக்கள். வியாழனின் பசிஃபேயின் அண்மைப்புள்ளித் திசை, வியாழனின் சூரிய அண்மைப்புள்ளியோடு பிணைந்தது. அந்தத் திசையைக் கணக்கிட, வழக்கம்போல் ஏறுகணுவின் கோணத்தையும் அங்கிருந்து அண்மைப்புள்ளி வரையான கோணத்தையும் கூட்டினால் அந்தப் பிணைப்பு தெரியாது. ஏறுகணுக் கோணத்திலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். அதற்காகத் திரும்ப ஓட்ட வேண்டாம், வரைபட நிரலில் ஒரு குறியை மாற்றினால் போதும்.