பில் வேண்டாம், பதிவைத் தாருங்கள்

வீட்டு இணைய இணைப்பின் ஆப்பைத் திறந்தால் இத்தனை ஜிபி முடிந்தது, இத்தனை மிச்சம் என்று ஒரு வட்டம் காட்டும். அவ்வளவுதான். எந்த மணிக்கு எவ்வளவு போனது, இரவு டேட்டாவில் எவ்வளவு தொடாமலே காலாவதியானது, திருகோணமலையில் எங்கள் உப்புவெளிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு லைன் எத்தனை நேரம் படுத்துக் கிடந்தது என்று கேட்டுப் பாருங்கள், ரவுட்டரை ஓப் பண்ணி ஓன் பண்ணச் சொல்வார்கள். ஆனால் பில் போடுவதே பாவனைப் பதிவை வைத்துத்தானே? அந்தப் பதிவை ஒரு கோப்பாக எங்களுக்கும் தந்தால் என்ன?

இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. நிலாவெளியில் சின்னதாக கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அண்ணை ஒருவர் வருடம் முழுக்கப் பெரிய பக்கேஜுக்குக் காசு கட்டுகிறார். சீசனோ மே முதல் செப்டெம்பர் வரைதான். மிச்ச மாதங்களில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று ஒரு வருடப் பதிவு கையில் இருந்தால், எந்தக் கம்பனியின் எந்தப் பக்கேஜ் தோது என்பதை அவருடைய மகனே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

பிரித்தானியாவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஒவ்கொம் 2020இல் முன்வைத்த யோசனை இதைவிட ஒரு படி மேலே. வாடிக்கையாளர் சம்மதித்தால், விலை ஒப்பிட்டுச் சொல்லும் சேவைக்கு அந்தத் தரவைக் கம்பனியே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றது. அதற்குச் சட்டம் தேவைப்பட்டது, இப்படியான திட்டங்களுக்கு வழிவிடும் சட்டம் 2025இல்தான் வந்தது. அவுஸ்திரேலியா வங்கி, மின்சாரம் என்று தொடங்கி இப்படித் தரவைக் கொடுக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் 2022இல் தொலைத்தொடர்பையும் சேர்த்தது, அடுத்த வருடமே அதை நிறுத்தி வைத்தது. பதிவு கையில் இல்லாமல் ஆள் குழம்பினால் பெரிய பக்கேஜை எடுப்பான், அதில் இலாபம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம்மைப் பற்றிய தரவை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொருவரும் கடிதம் எழுதிக் காத்திருப்பதும், ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டிக் கோப்பை எடுப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் எல்லா சிம்மும் அப்பாவின் பெயரிலோ கணவரின் பெயரிலோ இருக்கின்றன! பதிவு செய்தவர்தான் வாடிக்கையாளர் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரிடம் தூக்கிக் கொடுத்தால், மகள் யாருக்கு எப்போது கோல் எடுத்தாள் என்பதும் சேர்ந்து போய்விடும். அதனால் ஜிபி கணக்கு, வேகம், லைன் விழுந்த நேரம் ஆகிய மூன்றையும் முதலில் திறந்து விடட்டும். கோல் விபரம் இந்தக் கோப்பில் வேண்டவே வேண்டாம், அதைக் கேட்பவர் அந்த சிம்மைப் பாவிக்கும் ஆள்தான் என்று நிரூபித்துத் தனியாகக் கேட்கட்டும்.