ஸ்டெப்பர் மோட்டாரின் மின்திறன் கணக்கு: ப்ராஜெக்ட் வைவாவில் நான் கற்றது

இறுதியாண்டில் நாங்கள் செய்த சிறிய சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) மேசையில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்கள்) இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சுருள்கள், சுருளுக்கு 1.7 ஆம்பியர், 1.5 ஓம். பவர் சப்ளை 24 வோல்ட். நான் 24 × 1.7 × 2 என்று பெருக்கி, மோட்டாருக்கு 81.6 வாட், மூன்றுக்கும் ஏறத்தாழ 245 வாட் என அறிக்கையில் எழுதியிருந்தேன். "அசையாமல் நிற்கும் மோட்டாரில் இவ்வளவும் வெப்பமாகத்தானே மாற வேண்டும்? அதைக் கையால் தொட முடியுமா?" என்று வெளித்தேர்வாளர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

பிழை, 24 வோல்ட்டைக் கணக்கில் எடுத்ததில் இருந்தது. மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் மின்சுற்றான டிரைவர் அந்த மின்னழுத்தத்தைச் சுருளுக்குத் தொடர்ந்து கொடுப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்தும் துண்டித்தும், நாம் வைத்த அளவில் மின்னோட்டத்தை நிலைநிறுத்துகிறது. 1.5 ஓம் வழியே 1.7 ஆம்பியர் ஓட 2.55 வோல்ட் போதும். ஆகவே இரு சுருள்களிலும் முழு மின்னோட்டத்துடன் நிற்கும் மோட்டாருக்கு, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி இரட்டித்தால் 8.67 வாட், சப்ளையிலிருந்து அதற்காக இழுக்கப்படுவது 0.36 ஆம்பியர் மட்டுமே. சுருளில் ஓடுவதும் சப்ளையில் ஓடுவதும் வேறு என்பது பிடிபட்டால் பெரும்பாலான குழப்பம் நீங்கிவிடும்.

மோட்டார் சுழலும்போது, முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும்: 0.2 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் 6.3 வாட். டிரைவர் இழப்பும் இரும்பு உள்ளக இழப்பும் இதற்கு மேல்.

பலர் விட்டுவிடுவது வெப்பநிலையை. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால், 50 டிகிரி ஏறிய சுருள் 1.8 ஓமை நெருங்கும். டிரைவர் மின்னோட்டத்தைக் குறைக்காததால் 8.67 வாட் 10.4 வாட் ஆகிவிடும்.

வைவாவுக்குப் பிறகு சப்ளைக்கும் டிரைவர்களுக்கும் இடையில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளந்தேன். (மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும்.) மூன்றும் நின்ற நிலையில் முதலில் 1.3 ஆம்பியர், நன்றாகச் சூடான பின் 1.5. டிரைவர் இழப்பைச் சேர்த்தால் கணக்கோடு பொருந்தியது.

நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் சுருள் இழப்பு கால் பங்காகும். ஆனால் தாங்கும் முறுக்குவிசையும் ஏறத்தாழ பாதியாகிவிடுவதால், எடை தொங்கும் செங்குத்து அச்சில் அதைச் செய்யும்முன் சுமையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.