மிஸஸ் ஹேல் பிரித்த தையல்

எம்.ஏ. படிக்கும்போது சூசன் கிளாஸ்பெல் எழுதிய 'ட்ரைஃபிள்ஸ்' என்ற ஓரங்க நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. கேனரி என்கிற பாடும் பறவை என்றால் நாயகி மின்னி, கூண்டு என்றால் கல்யாணம், உடைந்த கூண்டுக் கதவு என்றால் கணவனின் முரட்டுத்தனம். நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். போன வாரம் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் நாடகம்தான், ஆனால் முடித்ததும் ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நோட்ஸில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதை எழுதியவர் அந்தச் சமையலறைக்குள் காலே வைக்கவில்லை என்று தோன்றியது.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. அமெரிக்காவில் ஒரு தனித்த பண்ணை வீடு, கடும் குளிர். ஜான் ரைட் என்பவர் படுத்த இடத்திலேயே கழுத்தில் கயிறு இறுகி இறந்து கிடக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மின்னி, தான் நன்றாகத் தூங்கிவிட்டதாகவும் எதுவும் தெரியாது என்றும் சொல்கிறாள். அவளைச் சிறையில் வைத்துவிட்டு, மறுநாள் அரசு வழக்கறிஞரும் அந்த வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரீஃப்பும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹேலும் தடயம் தேடி வருகிறார்கள். மின்னிக்கு மாற்று உடை எடுக்க ஷெரீஃப்பின் மனைவி மிஸஸ் பீட்டர்ஸும், துணைக்கு மிஸஸ் ஹேலும் கூட வருகிறார்கள். ஆண்கள் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே பாத்திர பண்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று மாடிக்கும் தொழுவத்துக்கும் போய்விடுகிறார்கள். மின்னி கடைசி வரை மேடைக்கு வருவதே இல்லை.

இது சும்மா கற்பனையில் வந்த கதை இல்லை. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் இண்டியனோலா ஊருக்குப் பக்கத்தில் ஜான் ஹோசக் என்ற விவசாயி படுக்கையில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட்டைக் கைது செய்தார்கள். அந்த வழக்கைப் பற்றி டெ மாய்ன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் தொடர்ந்து எழுதியவர் கிளாஸ்பெல். அப்போது அவருக்கு 24 வயது. மார்கரெட் வீட்டில் பட்ட பாடு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்திருந்தது. கோர்ட்டில் அது அவளுக்கு ஆதரவாக வரவில்லை, கொலை செய்யக் காரணம் இருந்தது பாருங்கள் என்று அவளுக்கு எதிராகவே திரும்பியது. இந்த இடத்தில் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. 1901-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், அடுத்த வருடம் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1903 மறுவிசாரணையில் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் போனதால் வெளியே வந்தாள். அந்த ஜூரிகளில் ஒரு பெண்கூட இல்லை, இருக்க முடியாது, அன்றைய அயோவாவில் ஜூரியில் பெண்களுக்கு இடமே கிடையாது.

அந்தப் பெண்ணின் சமையலறைக்குள் போனது கிளாஸ்பெல்லுக்கு மறக்கவே இல்லை. 1916 ஆகஸ்டில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், மீன்பிடித் துறையில் இருந்த ஒரு பழைய கொட்டகையை அரங்கமாக்கி, நண்பர்கள் சேர்ந்து இந்த நாடகத்தைப் போட்டார்கள். மிஸஸ் ஹேலாக நடித்தது கிளாஸ்பெல்லேதான்.

சரி, தையலுக்கு வருகிறேன். மின்னி ஒரு குயில்ட் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வை. எல்லாத் துண்டுகளிலும் தையல் ஒரே சீராக இருக்கிறது, கடைசித் துண்டில் மட்டும் நூல் கண்டபடி ஓடியிருக்கிறது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், உடனே கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். மிஸஸ் ஹேல் ஒன்றுமே சொல்லாமல் அந்தத் தையலைப் பிரிக்கிறாள், ஊசியில் நூல் கோத்துச் சரியாகத் தைக்க ஆரம்பிக்கிறாள். செத்த பறவை இன்னும் கண்ணில் படவில்லை, ஏதோ நடந்திருக்கிறது என்பதுகூட அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது, ஆனால் கைக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் கைத்தையல் தெரியும். மனசு சரியில்லாத நாளில் தைத்ததை ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அது இன்ன நாள் என்று சொல்லிவிடுவேன், ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு நீளத்தில் போயிருக்கும். வெளியே தொழுவத்தில் ஆண்கள் தடயம் தேடிக்கொண்டிருக்கும்போது, இங்கே சமையலறையில் ஒரு பெண் வழக்கின் முதல் சாட்சியத்தை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இதைக் குறியீடு என்று சொல்லி இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டுப் போக எனக்கு இனிமேல் மனசு வராது. அந்தப் பெண்களுக்கு அது ஒரு கடிதம் மாதிரி. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

அப்புறம்தான் தையல் கூடைக்குள் ஓர் அழகான பெட்டி, அதற்குள் பட்டுத் துணியில் சுற்றிய கேனரி, கழுத்து திருகப்பட்டு.

ஜான் ரைட் குடிகாரர் இல்லை, சொன்ன சொல் தவறாதவர், கடனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பவர். ஊரில் நல்ல மனிதர் என்றுதான் பெயர். ஆனால் அவரோடு இரண்டு வார்த்தை பேசினாலே எலும்புக்குள் இறங்கும் ஊதக்காற்று மாதிரி இருக்கும் என்கிறாள் மிஸஸ் ஹேல். கல்யாணத்துக்கு முன் தேவாலயக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் மின்னி. குழந்தை இல்லை. ஹேல் முன்பு ஒரு தடவை டெலிபோன் இணைப்பில் சேர்ந்துகொள்ளச் சொல்லிக் கேட்டபோது, ஆட்கள் ஏற்கெனவே அளவுக்கு மேல் பேசுகிறார்கள், எனக்கு அமைதி போதும் என்று ஜான் மறுத்திருக்கிறார். கொலை தெரிந்த அன்றும் ஹேல் வந்தது அந்த டெலிபோன் விஷயமாகத்தான். அதைச் சொன்னதும் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த மின்னி சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திவிட்டுப் பயந்துபோய்ப் பார்க்கிறாள். நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஹேல் சாட்சி சொல்லும்போது போகிறபோக்கில் வருகிற விஷயம் இது. முதல் தடவை படித்தபோது நான் கவனிக்கவே இல்லை. அந்த வீட்டில் எத்தனை வருடம் சத்தமே இல்லாமல் இருந்திருக்கும் என்று அந்தச் சிரிப்பிலிருந்துதான் இப்போது தெரிகிறது.

மிஸஸ் ஹேல் ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. வேலை இருந்தது, ஆனால் உண்மைக் காரணம் அந்த வீட்டில் ஒரு கலகலப்பே இல்லை என்பதுதான். அதனாலேயே வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லி வருந்துகிறாள். நான் வராமல் இருந்தேனே, அது குற்றம் இல்லையா, அதற்கு யார் தண்டனை கொடுப்பது என்று கேட்கிறாள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் ஒருத்தி, கல்யாணமாகி இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை போனேன். நான் இருந்த நேரம் முழுக்க அவள் கணவர் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார், டிவிகூடப் போடவில்லை. அவள் எது பேசினாலும் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினாள். அதற்கப்புறம் நான் போகவில்லை, நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருடமாகிறது.

மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசியில் அந்தப் பெட்டி மிஸஸ் ஹேலின் கோட் பாக்கெட்டுக்குள் போகிறது. போர்வையை எப்படி முடிக்கப் போகிறாள் என்று கண்டுபிடித்தோமே, என்ன அது, என்று வழக்கறிஞர் கேலியாகக் கேட்க, பாக்கெட் மேல் கை வைத்துக்கொண்டு, முடிச்சுப் போடுவது என்கிறாள். ஆங்கிலத்தில் 'நாட்' என்ற அந்தச் சொல் 'இல்லை' என்பது போலவும் காதில் விழும். தமிழில் அது வராது, ஆனால் முடிச்சு என்றதும் நமக்குக் கழுத்தில் விழுகிற இன்னொரு முடிச்சு ஞாபகம் வரும்.

ஆனால் என் மனசில் நிற்பது அதற்குச் சற்று முன்னால் வருவது. மின்னி சிறையில் உட்கார்ந்துகொண்டு, குளிரில் தான் பழம் பதப்படுத்தி வைத்த ஜாடிகள் வெடித்துவிடுமே என்று கவலைப்பட்டிருக்கிறாள். ஆண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், கொலைக் கேஸில் மாட்டியும் ஜாடியைப் பற்றிக் கவலையா என்று. நிஜமாகவே எல்லா ஜாடியும் வெடித்துவிட்டன, ஒரே ஒரு செர்ரி ஜாடிதான் மிச்சம். பழம் போய்விட்டது என்று அவளிடம் சொல்லாதே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல், நம்புவதற்கு இதைக் கொண்டுபோய்க் காட்டு என்று மிஸஸ் ஹேல் சொல்கிறாள். ஷெரீஃப்பின் மனைவி, சட்டத்துக்கே வாழ்க்கைப்பட்டவள் என்று வழக்கறிஞர் நம்புகிற அந்தப் பெண், ஜாடியை வாங்கிக்கொள்கிறாள். சுற்றுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடி, சிறைக்கு எடுத்துப்போக வைத்திருந்த மின்னியின் துணிகளிலிருந்து ஓர் உள்பாவாடையை உருவி, படபடப்போடு அதைச் சுற்ற ஆரம்பிக்கிறாள்.