பிங் போகிறது, வீடியோ மட்டும் வரவில்லை

எம்பிஎல்எஸ் விபிஎன்னை (லேபிள் ஒட்டி ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கெட்டையும் தனித்தனியாகக் கடத்தும் சேவை) தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள்கூட அதன்மேல் ஓடும் மல்டிகாஸ்ட் (ஒரே ஓட்டத்தைக் கேட்கும் பலருக்கும் ஒருசேர அனுப்புவது) பற்றிப் புகார் டிக்கெட் வந்தால் பக்கத்து சீட்டுக்குத் தள்ளப் பார்ப்பார்கள். அவ்வளவு பயப்பட இதில் ஒன்றுமில்லை, இங்கே இரண்டு ட்ரீ (பாக்கெட் கிளை பிரிந்து போகும் பாதை) இருக்கிறது, ஒன்று வாடிக்கையாளருடையது, இன்னொன்று சேவை தரும் நம்முடையது, அதை மறக்காமல் இருந்தால் போதும்.

பழைய ரோசன் முறையையே எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 239.1.1.1 குரூப்புக்கு வீடியோ அனுப்புகிறார். வாடிக்கையாளரை இணைக்கும் நம் விளிம்பு ரவுட்டரான பிஇ அந்த பாக்கெட்டை அப்படியே ஜிஆர்இ என்ற டனல் உறைக்குள் போட்டு, அந்த விஆர்எஃப்-க்கென்று (பிஇ-யில் அந்த வாடிக்கையாளருக்கான தனி ரவுட்டிங் டேபிள்) நாம் ஒதுக்கிய வேறொரு குரூப்புக்குத் தன் லூப்பேக்கிலிருந்து (ரவுட்டரின் நிலையான சொந்த முகவரி) அனுப்பிவிடும். நடுவிலுள்ள பி ரவுட்டர்கள் பார்ப்பது வெளி முகவரியை மட்டும்தான். அந்த விஆர்எஃப் உள்ள எல்லா பிஇ-யும் இந்தக் குரூப்பில் சேர்ந்திருப்பதால் எல்லாம் ஒரே லேனில் (உள்ளூர் நெட்வொர்க்) இருப்பது மாதிரி டனல் மேலேயே, மல்டிகாஸ்ட் ட்ரீ கட்டும் பிம் புரோட்டோகாலில் நெய்பர் ஆகிவிடுகின்றன. இதுதான் டீஃபால்ட் எம்டிடி (மல்டிகாஸ்ட் டிஸ்ட்ரிபியூஷன் ட்ரீ).

வசதிதான், ஆனால் யாரும் கேட்காத பிஇ-க்கும் வீடியோ போய்ச் சேர்ந்து அங்கே வீணாகக் கொட்டப்படும். அதற்குத்தான் டேட்டா எம்டிடி: வேகம் நாம் வைத்த அளவைத் தாண்டியதும் புதிய குரூப்பை யூடிபி 3232 போர்ட்டில் அறிவித்து, வேண்டியவர்கள் மட்டும் அதில் சேர்வார்கள். இதை வைக்காமலே ஓட்டும் நெட்வொர்க்குகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஒரு இடத்தில் பிம் நெய்பர் அப், பிங் சுத்தமாகப் போகிறது, வீடியோ மட்டும் வரவே இல்லை. மல்டிகாஸ்ட் ரவுட் டேபிளான எம்ரவுட்டை எடுத்துப் பார்த்தால் ஆர்பிஎஃப் நெய்பர், அதாவது சோர்ஸை நோக்கிய பக்கத்து ரவுட்டர், 0.0.0.0, யாருமே இல்லை. அந்த விஆர்எஃப்-க்கு மட்டும் பிஇ-க்கள் ரவுட் பரிமாறும் பிஜிபியின் நெக்ஸ்ட் ஹாப்பை (அடுத்துப் போக வேண்டிய முகவரி) வேறொரு லூப்பேக்குக்கு மாற்றியிருந்தார்கள். அந்த லூப்பேக்குக்கும் லேபிள் இருப்பதால் பிங் மாதிரி ஒருவருக்கு மட்டும் போகும் யூனிகாஸ்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டனலில் தெரியும் பிம் நெய்பர் பழைய லூப்பேக், இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆர்பிஎஃப் நிற்காது. பிங் போகிறதே என்று யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2012-இல் வந்த ஆர்எஃப்சி 6513, 6514 முறையில் குரூப்பில் சேரும் கோரிக்கையான ஜாயினை பிம்முக்குப் பதில் பிஜிபியே எடுத்துப் போகலாம், லேபிளாலேயே ட்ரீ கட்டும் எம்எல்டிபி வைத்தால் நடு நெட்வொர்க்கான கோரில் பிம்மே வேண்டாம். அப்புறம் பிரச்சினையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த பிஇ-க்கு ஜாயின் போக வேண்டும் என்பது, சோர்ஸின் யூனிகாஸ்ட் ரவுட்டோடு வரும் விஆர்எஃப் ரவுட் இம்போர்ட் கம்யூனிட்டி என்ற அடையாளக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிகிறது. வழியில் ஏதாவது பாலிசி அதை உரித்துவிட்டால் ஜாயின் போகாது, பிங் மட்டும் அப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கும்.